உப்பில் வரைந்த மைதானம்

முதல் சங்கு ஊதியதும் கையுறைகளைக் கழற்றுகிறோம்.
இருபது நிமிடம்.
தேநீர், சாஸ் ஊற்றிய மீட் பை, சிகரெட்,
அப்புறம் அந்த அணி.

"ரக்பி லீக்கில் நடு குயின்ஸ்லாந்துக்கும் ஓர் அணியாம்" என்று
யாரோ சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.
தரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.
நாங்கள் மட்டும் இந்த இறைச்சி ஆலையில்
வாங்காத காளைக்குக் கயிறு திரிக்கிறோம்.

கிளைவ் மேசையில் உப்பைக் கொட்டி
விரலால் கடற்கரை கீறுவான்.
சாஸ் பாட்டில் ராக்ஹாம்ப்டன்.
மிளகுச் சிமிழ் மக்காய்.
மார்லீனின் மூக்குக்கண்ணாடிக் கூடு கிளாட்ஸ்டன்.
உள்ளே எங்கோ, சர்க்கரை டப்பாவுக்கு அருகில், எமரால்ட்.
"மைதானம் எங்கே?" என்பான்
இன்றுதான் முதல்முறை கேட்பவன் மாதிரி.

கோரிகன் மக்காய்க்காரன். பாட்டிலை நகர்த்துவான்.
"முந்நூற்று முப்பது கிலோமீட்டர்.
ஆட்டம் முடிந்து இருட்டில் திரும்பினால்
கங்காரு குறுக்கே பாயும்.
உங்கள் ஊர் கோல் கம்பத்தைப் பார்க்க
என் வண்டியின் மூக்கைக் காவு கொடுக்கவா?"
மார்லீன் விடமாட்டாள்.
"காசு யாருடையது? எங்கள் துறைமுகத்துடையது.
சட்டையில் எங்கள் ஆலையின் பெயர் என்றால்
சட்டை எங்கள் ஊரில்தான் ஓட வேண்டும்."

சரி, நட்டநடுவில் கட்டுவோம் என்றான் கிளைவ் ஒருநாள்.
கத்தி தீட்டும் கம்பியால் அளந்தான்.
நட்டநடுவில் இருந்தவை
ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கடை, சதுப்பு, நண்டு,
வேலிக்குள் எழுநூறு மாடுகள்.
"நல்ல கூட்டம்" என்றான் கோரிகன்.
"நடுவரைத் திட்டாது."

பெயருக்கே மூன்று வாரம் போனது.
காளைகள் வேண்டாம், தினமும் நாமே வெட்டுகிறோம் என்றாள் ஜண்டீரா.
முதலைகள் ஆற்றில் இருப்பதே போதும்.
சட்டை நிறம் பற்றி நான் எழுதப்போவதில்லை.
ஒருவரோடு ஒருவர் இன்னும் பேசாதவர்கள் இருக்கிறார்கள்.

டவிட்டா எதிலும் வாய் திறந்ததில்லை.
எலும்பு பிரிக்கும் வரிசையில் எங்களில் வேகமானவன்.
"நம் பையன்கள் நம் ஊரிலேயே ஆடுவார்கள்" என்று
கிளைவ் மேசையைத் தட்டியபோது
தலை நிமிர்ந்தான்.
அவன் மகன் பதினாலு வயதில் சிட்னி போனவன்.
ஒரு கிளப், ஒரு விடுதி, ஞாயிறுதோறும் ஓர் அழைப்பு.
மகனுக்குக் குரல் உடைந்ததைத்
தொலைபேசியில்தான் கேட்டார்களாம்.

"அணி வந்தால் அவனைக் கூப்பிடுவார்களா?" என்றான்.
யாருக்கும் தெரியவில்லை.
"கூப்பிட்டாலும்," மார்லீன் மெதுவாக,
"சிட்னி கூடக் கொடுத்தால்
எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாய்?"
கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.
"சிட்னித் தாளில்தான்" என்று சிரித்தான்.
நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது.

நானா?
நான் அணிக்குக் கை தூக்குபவள்.
நகர மண்டபத்தில் மைக் பிடித்துக் கத்தியவள்.
ஆனால் சனிக்கிழமைகளில்
எங்கள் சின்னக் கிளப்பின் பை சூடாக்கும் பெட்டி என் பொறுப்பு.
நூற்றுப் பன்னிரண்டு விற்கும். மழை என்றால் அறுபது.
பெரிய அணி வந்து பெரிய விளக்கு எரிந்தால்
வேலியோரம் வண்டியை நிறுத்தி
ட்ரை விழும்போதெல்லாம் ஹாரன் அடிக்க
யார் வருவார்கள்?
கருத்துக் கேட்டு வந்த தாளில்
வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம்.
இரண்டிலும் கீறாமல் மடித்துப் போட்டேன்.
கிளைவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் சங்கு.
கிளைவ் கடற்கரையைப் புறங்கையால் கூட்டிக்
குப்பையில் தள்ளுகிறான்.
பாட்டில் நின்ற இடத்தில் மட்டும்
சிவப்பாய் ஒரு வட்டம்.
கோரிகன் அதைப் பார்க்காதவன் போல
தன் காலிக் கோப்பையை
அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் போகிறான்.